அந்தத் திமிங்கிலப் படத்தைப் பற்றி



சென்ற செப்டம்பர் மாதத்தில் நம் சபையின் வாட்ஸ்அப் குழுவிற்கு நான் அனுப்பிய படம் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். நீலக் கடலில் ஒரு தாய்த் திமிங்கிலம். அதன் விலாவோடு ஒட்டியபடி அதன் குட்டி. அன்று மாலைக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஸ்தோத்திரம் சொல்லிப் பதில் எழுதினீர்கள். பலர் தங்கள் உறவினர்களுக்கும் அதை அனுப்பிவைத்தீர்கள். அறுப்பின் பண்டிகை ஆராதனையில் அந்தப் படத்தையே எடுத்துக்காட்டாக வைத்து நான் பிரசங்கித்தேன். இத்தனை பெரிய ஜீவனையும் தேவன் நம்முடைய கண்கள் கண்டு மகிழும்படியே உண்டாக்கினார் என்று அன்று சொன்னேன். அந்தப் பிரசங்கத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சொன்னதிலும் பிழை உண்டு. இரண்டையும் இந்த வாரம் எழுதிவிடுகிறேன். பிரசங்க பீடத்தில் நின்று சொல்லவேண்டிய காரியம்தான். அங்கே நின்றால் அதை அழகுபடுத்திவிடுவேனோ என்ற பயத்தினால் எழுதுகிறேன்.

படம் எடுக்கப்பட்ட இடத்தின் பெயர் டி ஹூப். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியாகிய அகுல்ஹாஸ் முனைக்குக் கிழக்கே, தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் உள்ள இயற்கைக் காப்பகம் அது. ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் நிலம். அந்த நிலத்தை ஒட்டிய கடலும் காக்கப்பட்ட பகுதியே. டச்சு மொழியில் அப்பெயருக்கு நம்பிக்கை என்று பொருள். அகுல்ஹாஸ் முனையோடு அட்லாண்டிக் கடல் முடிந்து இந்தியப் பெருங்கடல் தொடங்குவதாகக் கணக்கு. ஆகவே டி ஹூப்பின் கரையில் உடைகிற அலை நம்முடைய கடலின் மறுகோடி அலைதான். கேப் டவுனில் வேலை செய்கிற என் மகளும் மருமகனும் என்னையும் என் மனைவியையும் அங்கே மூன்று நாட்களுக்கு அழைத்துச் சென்றார்கள். ஒன்பது வயதுப் பேத்தியும் உடன் வந்தாள்.

கேப் டவுனிலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேலான பயணம். நெடுஞ்சாலையில் கலிடன் என்ற ஊரை நெருங்கும்போது கெனாடெண்டால் என்ற ஊருக்குப் பிரியும் வழி வருகிறது. அந்தப் பெயருக்குக் கிருபையின் பள்ளத்தாக்கு என்று பொருள். இதைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் வழியில் கேப் துறைமுகத்தில் தங்கினார்கள். அங்கிருந்த கோய்கோய் மக்களின் நிலையைக் கண்டு அவர்கள் ஜெர்மனிக்கு எழுதிய கடிதங்களும், பிற்பாடு மொரேவியன் சபையார் ஜார்ஜ் ஷ்மிட் என்பவரை 1737-இல் கேப்பிற்கு அனுப்புவதற்கு ஒரு தூண்டுதலாயின. அவர் ஊழியம் செய்த இடமே கெனாடெண்டால். நமக்கு வேதாகமத்தைத் தமிழில் தந்த கைகளே அந்தக் கடிதங்களையும் எழுதின. அந்த வழியாகப் போகும்போது சொந்தக்காரர் ஊரைக் கடப்பதுபோல் இருந்தது.

பிரேடஸ்டோர்ப் என்ற சிற்றூரில் வண்டிக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டோம். அதற்குப் பிறகு தார்ச்சாலை முடிந்து சரளைச் சாலை. இருபுறமும் கோதுமை வயல்கள். அவற்றில் சாம்பலும் நீலமும் கலந்த நீலக் கொக்குகள் சோடி சோடியாக நின்றன. அந்நாட்டின் தேசியப் பறவை அது. வயல்கள் முடிகிற இடத்தில் முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரையுள்ள புதர்க்காடு தொடங்குகிறது. ஃபைன்போஸ் என்று அதை அழைக்கிறார்கள். உலகில் வேறெங்கும் காணப்படாத செடிவகைகள் ஆயிரக்கணக்கில் அந்தத் தென்மேற்கு மூலையில் உண்டு. அதற்கப்பால் வெண்மணற் குன்றுகள், அவற்றுக்கும் அப்பால் கடல்.

இங்கே வழிகாட்டி உடன் வரவேண்டுவதில்லை. வாயிலில் கட்டணம் செலுத்தி, ஒரு வரைபடத்தை வாங்கிக்கொண்டு, அவரவர் வாகனத்தை அவரவரே ஓட்டிச் சென்று பார்க்கலாம். சிங்கமும் யானையும் இல்லாதபடியால் இறங்கி நடக்கவும் தடையில்லை. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எந்த வேகத்தில் போவது என்று சொல்ல ஒருவரும் அருகில் இருப்பதில்லை. ஆங்காங்கே ஒரு பலகை இருக்கிறது. கண்காணிப்பில்லாத இடத்தில் மனுஷன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பற்றி நான் உங்களுக்கு எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன்.

முதல் நாள் மருமகனே வண்டியோட்டினார். நாங்கள் தங்கிய குடிலுக்கு முன்னிருந்த புல்வெளியிலேயே போன்டெபொக் என்ற மான்கள் மேய்ந்தன. கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடல். நெற்றி முதல் மூக்கு வரை சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெண்மை. கால்களில் வெள்ளைக் காலுறை. ஆட்களைக் கண்டு அவை விலகவில்லை. அந்தப் பிராந்தியத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாய் வாழ்ந்திராத மான் அது. வேட்டையினாலும் மேய்ச்சல் நிலத்திற்காகவும் அதைக் கொன்று தீர்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1830-களில், பிரேடஸ்டோர்ப் பகுதியைச் சேர்ந்த வான் டெர் பைல் என்ற பண்ணைக் குடும்பத்தார் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை வேலியிட்டு, எஞ்சியிருந்தவற்றில் சிலவற்றை உள்ளே விட்டுக் காத்தார்கள். வேறு சில பண்ணையாரும் அவ்வாறே செய்தார்கள். அப்படியும் 1931-இல் அதற்கென்று ஒரு தேசியப் பூங்கா தொடங்கப்பட்டபோது அதனுள் இருந்தவை 17. இன்று உலகில் உள்ள சில ஆயிரமும் அந்தச் சொற்பத்திலிருந்து பெருகியவையே.

மலை வரிக்குதிரையின் கதையும் இப்படித்தான். கழுத்தின்கீழ் தொங்குதசையும் இடுப்பின்மேல் ஏணிப்படி போன்ற கோடுகளும் உடைய கேப் மலை வரிக்குதிரை, 1950-களில் நூறுக்கும் குறைவாகக் குன்றிப்போயிருந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று மலைகளில் மட்டும் எஞ்சியிருந்தது. அவற்றுள் இரு மலைகளின் வழிவந்தவற்றை டி ஹூப்பில் ஒன்றாக விட்டதனால் அவை இங்கே கலந்து பெருகின. முதல் நாள் மாலை அப்படியொரு கூட்டத்தைக் கண்டோம்.

தப்பாமல் போனதும் ஒன்று உண்டு. ப்ளூபக் என்று அழைக்கப்பட்ட, நீலச் சாயல் படிந்த மான். கலிடன், பிரேடஸ்டோர்ப், ஸ்வெல்லண்டாம் ஆகிய ஊர்களைச் சுற்றிய இதே நிலமே அதன் இருப்பிடம். சீகன்பால்கு ஐயர் கேப்பில் இறங்கிய நாளில் அது உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தது. 1800-ஆம் ஆண்டை ஒட்டி அதன் கடைசி மான் சுடப்பட்டது. வரலாற்றுக் காலத்தில் ஆப்பிரிக்கா இழந்த முதல் பெரிய பாலூட்டி அதுவே என்கிறார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் சிலவற்றில் பதனிட்ட உடல்களும் கொம்புகளும் இருக்கின்றன, அவ்வளவே. அதைச் சுட்டவர்கள் யார்? பெரும்பாலும் வேதாகமத்தை வீட்டில் வைத்து வாசித்த குடியேற்றக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனவர்கள். பூமியை ஆண்டுகொள்ளும்படி ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனுஷனுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் இரவு இதை நான் என் குடும்பத்தாருக்கு மிகுந்த வருத்தத்தோடும் சற்றே பெருமையோடும் எடுத்துரைத்தேன். நாம் அப்படிப்பட்டவர்கள் அல்லவே என்ற பெருமை அது.

இரண்டாம் நாள் காலையில் வண்டிச் சாவியை நான் கேட்டு வாங்கினேன். சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கேயும் நம் ஊரைப்போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஆகவே கடினம் ஒன்றுமில்லை. கொப்பி அலீன் என்ற மணற்குன்றுக் கரையிலிருந்து திமிங்கிலங்களைப் பார்க்கலாம். குடிலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். தெற்கத்திய ரைட் திமிங்கிலம் என்ற இனம், அண்டார்க்டிகாவை ஒட்டிய குளிர்கடலில் இரைதேடிவிட்டு, ஜூன் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில் குட்டி ஈனவும் பாலூட்டவும் இந்தக் கரைக்கு வருகிறது. திமிங்கிலப் படம் அனுப்புகிறேன் என்று புறப்படும் முன்பே உங்களில் பலருக்கு நான் வாக்களித்திருந்தேன். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுத்தால்தான் படம் தெளிவாக வரும் என்று மருமகன் சொல்லியிருந்தார். பேத்தியோ ஒரு சிறு நோட்டில் தான் கண்ட உயிர்களையெல்லாம் எண்ணி எழுதிக்கொண்டு வந்தாள். வழியில் ஈலாண்டு மான்கள் நின்றன. “தாத்தா, நிறுத்துங்கள்” என்றாள். “திரும்பும்போது பார்க்கலாம் அம்மா” என்றேன். பிறகு ஒரு நெருப்புக்கோழி தன் குஞ்சுகளோடு சாலையோரத்தில் போயிற்று. அதற்கும் நான் நிறுத்தவில்லை.

ஆமையை நான் கண்டேன். காணவில்லை என்று சொல்லி என்னைக் காத்துக்கொள்ளமாட்டேன். தொலைவில் ஒரு கல் கிடப்பதாக எண்ணினேன், கல் நகர்ந்தது, பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முன்சக்கரத்தின் கீழே ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். இரு கைகளுக்குள் அடங்குகிற அளவுள்ள நில ஆமை. ஓட்டின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. தலையை வெளியே நீட்டுவதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தது. அதைத் தூக்கிச் சாலையோரப் புதரின் நிழலில் வைத்தேன். கைகளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். பிறகு வண்டியில் ஏறி, கொப்பி அலீனுக்கு ஓட்டினேன்.

நீங்கள் பார்த்த படம், அதற்கு இருபது நிமிஷத்துக்குப் பின்பு எடுக்கப்பட்டது.

மணற்குன்றின்மேல் நின்றபோது எதிரே ஏழெட்டுத் திமிங்கிலங்கள் இருந்தன. முதுகுச் செதில் இல்லாத கரிய முதுகு. தலையில் வெண்மையான தடிப்புகள். மூச்சு விடும்போது இரண்டாகப் பிரிந்து எழும் நீராவி. அலை உடைகிற இடத்துக்குச் சற்று அப்பால் அந்தத் தாயும் குட்டியும் கிடந்தன. என் மனைவி கண்ணீர் விட்டாள். நானும் கேமராவை வைத்துவிட்டு ஒரு சிறு ஜெபம் செய்தேன். பேத்தி வண்டியை விட்டு இறங்கவில்லை. தலைவலி என்று சொன்னாள் என்று என் மகள் சொன்னாள்.

நல்ல சமாரியனின் உவமையைப் பற்றிப் பேசும்போது, அந்த வழியாய் வந்து விலகிப்போன ஆசாரியனுக்கு நாம் சாக்குச் சொல்வதுண்டு: பிணமாயிருந்தால் தீட்டாகிவிடுமே, ஆலய ஊழியத்துக்குத் தடையாகுமே என்று எண்ணியிருப்பான் என்போம். எனக்கு அப்படி ஊழியம் ஒன்றும் அன்று காத்திருக்கவில்லை. ஒரு படம் காத்திருந்தது.

திரும்பி வரும்போது அந்த இடத்தில் நிறுத்தினேன். ஆமை செத்திருந்தது. எறும்புகள் வந்திருந்தன. அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும் என்று மருமகன் மெதுவாகச் சொன்னார். எல்லோருமாகப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் ஒரு நோட்டை எடுத்து ஆங்கிலத்தில் கேட்டார். எந்த இடம்? சொன்னேன். எத்தனை மணி? சொன்னேன். என்ன வேகத்தில் வந்தீர்கள்?

“பலகையில் போட்டிருக்கிற வேகத்தில்தான்” என்றேன்.

பேத்தி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தமிழில், மிகவும் சின்னக் குரலில், “அறுபத்தைந்து, தாத்தா. நான் முள்ளைப் பார்த்தேன்” என்றாள்.

அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. பேசாமல் இருந்திருந்தால் காரியம் அங்கே முடிந்திருக்கும். இருபத்தாறு ஆண்டுகளாகப் பிரசங்க பீடத்தில் நிற்கிறவன், மூன்று தலைமுறை குடும்பத்தாருக்கு நடுவில், ஓர் ஆமையினிமித்தம் பொய் சொன்னேன். அது வாயிலிருந்து எவ்வளவு எளிதாய் வந்தது என்பதே இன்றுவரை என்னை உறுத்துகிறது. பேதுருவுக்குச் சேவல் கூவிற்று, எனக்குப் பேத்தி. “மன்னிக்கவேண்டும், அறுபத்தைந்தில் வந்தேன்” என்று ஆங்கிலத்தில் திருத்திச் சொன்னேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்தபின், இந்த ஆமைகள் ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும் என்றார். பெரும்பாலோர் வந்து சொல்வதில்லை, நீங்கள் சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார். அந்த நன்றியை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

“போதகர் ஐயா, ஓர் ஆமைக்கு இத்தனையா?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள் என்று அறிவேன். நம் புறவழிச் சாலையில் வேகமாய் வந்த வாகனம் மோதி மரித்தவர்களை நான் அடக்கம் செய்திருக்கிறேன். அந்தக் கல்லறைகளின் அருகே நின்று, வாகனம் ஓட்டியவர்களின் கவனக்குறைவைப் பற்றிக் கடினமாகப் பேசியும் இருக்கிறேன். அவர்களுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு, எனக்கு எதிரே வந்தது ஆமை என்பது மட்டுமே. அழுத்தின கால் ஒன்றுதான். ஒரு காசுக்கு இரண்டாய் விற்கப்படுகிற அடைக்கலான் குருவியும் பிதாவின் அறிவுக்குத் தப்பி விழுவதில்லை என்று கர்த்தர் சொன்னதை, குருவியைவிட நாம் விசேஷித்தவர்கள் என்ற அடுத்த பகுதிக்காகவே நாம் வாசிக்கிறோம். குருவியைப் பற்றிய பகுதி அதனால் பொய்யாகிவிடாது.

ஊர் திரும்பிய பின் என் பிரசங்கக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். யோபுவின் சரித்திரத்தின்மேல் பதினான்கு முறை பிரசங்கித்திருக்கிறேன். எல்லாம் முதல் இரண்டு அதிகாரங்கள், அல்லது கடைசி அதிகாரம்: இழந்ததும், இரட்டிப்பாய்ப் பெற்றதும். முப்பத்தொன்பதாம் அதிகாரத்தின்மேல் ஒருமுறையும் இல்லை. அந்த அதிகாரத்தில் தேவன் யோபுவிடம் அவனுடைய துக்கத்தைப் பற்றி ஒன்றும் பேசுகிறதில்லை. வரையாடு எந்தக் காலத்தில் ஈனும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறார். காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டது யார் என்று கேட்கிறார். நம் வேதாகமம் தீக்குருவி என்று சொல்லுகிற நெருப்புக்கோழியைக் காட்டுகிறார். கன்மலையின் சிகரத்தில் கூடு கட்டுகிற கழுகைக் காட்டுகிறார். இவற்றுள் ஒன்றாவது யோபுவுக்குப் பயன்படுகிற மிருகம் அல்ல. அவனுடைய ஆடுகளும் ஒட்டகங்களும் எருதுகளும் அந்தப் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் மனுஷனுக்கு வேலை செய்யாத, மனுஷன் பாராத இடத்தில் ஈனுகிற உயிர்களையே தேவன் தேர்ந்துகொண்டு பேசுகிறார்.

டி ஹூப்பில் மூன்று நாட்கள் நான் அந்த அதிகாரத்துக்குள்ளேயே சுற்றித் திரிந்திருக்கிறேன். வரிக்குதிரை காட்டுக்கழுதைக்கு இனம். நெருப்புக்கோழி நான் நிறுத்தாமல் விட்டுப்போன அதே நெருப்புக்கோழி. காப்பகத்தின் கிழக்குக் கோடியிலுள்ள போட்பெர்க் மலையின் செங்குத்துப் பாறைகளில் கேப் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. மேற்குக் கேப் மாகாணத்தில் அவை குஞ்சு பொரிக்கிற இடமாக எஞ்சியிருப்பது அது ஒன்றே. யோபுவின் புத்தகத்தில் கழுகு என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல் பிணந்தின்னிக் கழுகையே குறிக்கும் என்று கருதுகிற அறிஞர் உண்டு. அத்தனையும் கண்ணெதிரே இருந்தது. நானோ கேமராவுக்கு மின்கலம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அறுப்பின் பண்டிகையில் நான் சொன்னதைத் திருத்துகிறேன். நம் கண்கள் மகிழவே தேவன் திமிங்கிலத்தை உண்டாக்கினார் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. ஆதியாகமத்தில் மகா மச்சங்கள் உண்டானது ஐந்தாம் நாளில். பலுகிப் பெருகும்படியான ஆசீர்வாதத்தை அவை பெற்றதும் அன்றே. அப்போது பார்ப்பதற்கு மனுஷக் கண் ஒன்றும் இல்லை. நூற்றுநான்காம் சங்கீதத்தில் லிவியாதான் கடலில் விளையாடுகிறது. கரையில் நின்று யாரும் பார்ப்பதாக அங்கே எழுதப்படவில்லை. பார்க்கிறவன் வந்ததனால் அந்தத் தாய்த் திமிங்கிலத்துக்கு வந்தது என்ன என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. கரைக்கு அருகில் வரும், மெதுவாய் நீந்தும், கொன்றால் மிதக்கும், எண்ணெய் மிகுதி. ஆகவே வேட்டைக்கு ஏற்ற, சரியான திமிங்கிலம் என்று வேட்டைக்காரர் வைத்த பெயர்தான் ரைட் என்பது. குட்டியை முதலில் குத்தினால் தாய் விட்டுப் பிரியாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது என்று ஒரு கட்டளை உண்டு. திமிங்கில வேட்டையில் அந்தக் கட்டளை தலைகீழாயிற்று: குஞ்சைக் கொண்டே தாயைப் பிடித்தார்கள். 1935-இல்தான் இந்த இனத்தை வேட்டையாடுவதற்குச் சர்வதேசத் தடை வந்தது.

அதன்பின் அவை மெல்லப் பெருகின. 1969 முதல் ஆண்டுதோறும் விமானத்திலிருந்து எண்ணி வருகிறார்கள். முன்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குட்டி ஈன்ற தாய்கள் இப்போது நான்கு, ஐந்து ஆண்டுகள் இடைவெளி விடுவதாக ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். தென்கடலில் அவற்றின் இரை மாறிவருவதே காரணம் என்று கருதுகிறார்கள். நான் பார்த்த அந்தத் தாய், குட்டிக்குப் பால் கொடுக்கிற மாதங்களில் பெரும்பாலும் தான் உண்ணாமலே இருக்கும். தன் உடலின் கொழுப்பைக் கரைத்து ஊட்டுகிறது. படத்தில் அமைதியாய்க் கிடப்பதுபோல் தோன்றியது அப்படிப்பட்ட ஒரு தாய். என் பிரசங்கத்தில் இது ஒன்றும் இல்லை.

அங்கே போகவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. போகிறவர்கள் இருப்பதனால்தான் அந்த வேலியும் அந்த அலுவலகமும் நிலைத்திருக்கின்றன. ஆனால் எல்லையில்லாமல் போகலாம் என்ற எண்ணம் பொல்லாதது. அந்த நாட்டில் ஒரு காலத்தில் கடற்கரை மணலிலும் வண்டியோட்டி மகிழ்ந்தார்கள். கரிய உடலும் சிவந்த அலகும் கொண்ட சிப்பிபிடிப்பான் என்ற கரைப்பறவை, அலையேறும் கோட்டுக்குச் சற்று மேலே மணலில் சின்னப் பள்ளம் பறித்து முட்டையிடும். அது முட்டையிடுவதும் ஜனங்கள் விடுமுறைக்குக் கடற்கரைக்கு வருவதும் ஒரே கோடைக்காலத்தில். சக்கரத்தின்கீழ் போன முட்டைகளுக்குக் கணக்கில்லை. 2002 முதல் பொழுதுபோக்கு வண்டிகள் கடற்கரையில் ஓடலாகாது என்று சட்டம் வந்தது. அப்போது எதிர்த்தவர்கள் ஏராளம். எங்கள் சுதந்தரம் போயிற்று என்றார்கள். பறவைகள் திரும்பிப் பெருகின. கடலிலும் அப்படியே: அனுமதியில்லாத படகு எதுவும் திமிங்கிலத்துக்கு 300 மீட்டருக்குள் நெருங்கலாகாது. எனக்கு அந்தச் சட்டங்கள் சினாய் மலையில் பெற்ற கட்டளைகளின் சாயலாகவே தோன்றுகின்றன. ஓய்வுநாள் என்பதும் இப்படி ஒரு வேலிதானே? முடிந்தாலும் செய்யாதிரு, எட்டினாலும் எடுக்காதிரு என்பதுதானே? ஏழாம் வருஷத்தில் நிலத்தை விட்டுவிடும்படி லேவியராகமத்தில் சொல்லும்போது, அதில் விளைவதைக் காட்டுமிருகங்களுக்கும் ஆகாரமாக விடவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதைப் பற்றியும் நான் பிரசங்கித்ததில்லை.

மூன்றாம் நாள் வண்டியை எடுக்கவில்லை. குடிலுக்கு அருகே ஓர் ஏரி உண்டு. காப்பகத்தின் உள்ளே பல கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நீர்நிலை அது. சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக 1975-இலேயே அறிவிக்கப்பட்டது. காலையில் பேத்தியும் நானும் அதன் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் இருந்திருப்போம். பெரிதாக ஒன்றும் வரவில்லை. நாமக்கோழிகள் ஒன்றையொன்று துரத்திச் சண்டையிட்டன. ஒரு முக்குளிப்பான் முங்கி, நாங்கள் நினைத்த இடத்தில் எழாமல் வேறிடத்தில் எழுந்தது. எங்கே எழும் என்று இருவரும் பந்தயம் கட்டினோம். அவளே அதிகம் ஜெயித்தாள். ஆமையைப் பற்றி அவளிடம் பேசவேண்டும் என்று போனவன், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவளே கேட்டாள்: “அந்த முட்டை எங்கே இருக்கும் தாத்தா?” அது பெண் ஆமைதானா, முட்டையிட்டதா என்று நமக்குத் தெரியாதம்மா என்றேன். “தெரியாது, ஆனால் இருக்கலாம் இல்லையா?” என்றாள். இருக்கலாம் என்றேன்.

பொய் சொன்னதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் முக்குளிப்பானைத் தேடினாள்.

சபையாரே, உங்களிடமும் அதைக் கேட்கிறேன். வாலிபர் ஐக்கியத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருக்கிறார்கள். அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். ஆனால் அதன்கீழே இந்த எழுத்தையும் ஒட்டிவிடும்படி செயலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் படத்தை நீங்கள் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்கள். வருகிற ஞாயிறு ஆராதனைக்கு யோபு முப்பத்தொன்பதாம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள்.